ஊரடங்குக் காலத்து மாணவர் பதற்றம்: விளக்கங்களும் விடுபட்ட கிராமமும்

கேள்வி

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, கல்லூரிகள் மூடப்பட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. 21 நாட்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட அடைப்பு, நான்கு கட்டங்களாக மே 31 வரை நீண்டது. அதன் பிறகும் வகுப்பறைகள் உடனே திறக்கவில்லை. புதுச்சேரியில் இடையில் திறந்த கல்லூரிகள் இரண்டாம் அலையில் மறுபடி மூடப்பட்டு, 2021 செப்டம்பர் 1 அன்றுதான் மாணவர்களை மீண்டும் வரவேற்றன. முதல் மூடலிலிருந்து அதுவரையான காலம், மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்த ஒருவருக்குப் படிப்புக் காலத்தின் பாதிக்குச் சற்றே குறைவு.

அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர்களிடையே பதற்றம் பெருகியது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. ஆனால் எதனால் பெருகியது, எவ்வளவு பெருகியது, யாரிடம் பெருகியது என்ற மூன்று கேள்விகளிலும் ஆய்வாளர்கள் ஒத்த கருத்தில் இல்லை. நோய் அச்சம், தனிமை, தேர்வுக் குழப்பம், வீட்டின் வருமானம், முன்பே இருந்த மனநிலை என்று ஒவ்வொரு விளக்கத்திற்கும் தனி வரலாறும் தனிக் குறையும் உண்டு.

இக்கட்டுரை அவ்விளக்கங்களைச் செல்லிப்பட்டு போன்ற ஓர் ஊரின் பக்கமிருந்து சீர்தூக்கிப் பார்க்கிறது. சங்கராபரணி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட படுகை அணையால் அறியப்படும் இவ்வூர், புதுச்சேரியின் வில்லியனூர் வட்டத்தைச் சேர்ந்தது. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் பகுதிக் கிராமங்களின் பிள்ளைகளில் பலர் லாஸ்பேட்டையிலும் கதிர்காமத்திலும் தவளக்குப்பத்திலும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கோ காலாப்பட்டிலுள்ள பல்கலைக்கழகத்திற்கோ தினமும் பஸ்ஸில் போய்வருபவர்கள். விடுதி மாணவர்களையும் பெருநகர மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விளக்கங்கள் இவர்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதே இங்கே முக்கியமான சோதனை.

பெருந்தொற்றுக்கு முந்தைய விடைகள்

தனிமைப்படுத்தல் மனத்தை என்ன செய்யும் என்ற கேள்வி கோவிட்டுக்கு முன்பே எழுந்ததுதான். 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது டொராண்டோவில் தனிமைப்படுத்தப்பட்டவர்களில் 129 பேரிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 29 சதவீதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்த அறிகுறிகளும் 31 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு அறிகுறிகளும் காணப்பட்டன. 2020 பிப்ரவரி இறுதியில் 'லான்செட்' இதழ் வெளியிட்ட ஒரு விரைவுத் தொகுப்பு, இப்படிப்பட்ட 24 ஆய்வுகளை அலசி, மனத்தை வாட்டுபவை எவை என்று பட்டியலிட்டது. நீளும் அடைப்பு, தொற்று அச்சம், சலிப்பு, பொருள் பற்றாக்குறை, போதாத தகவல், பண இழப்பு, பிறர் ஒதுக்கிவைப்பது ஆகியவை அதில் இடம்பெற்றன. எவ்வளவு நாள், எதற்காக என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் முதன்மையான பரிந்துரைகளுள் ஒன்று. இந்தியாவில் ஊரடங்கு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே இந்த அறிவுரை அச்சில் இருந்தது.

தேர்வு அச்சம் பற்றிய ஆய்வு இன்னும் பழையது. 1952-ல் உளவியலாளர்கள் மாண்ட்லரும் சராசனும் தேர்வின்போது எழும் பதற்றத்தைத் தனியாக அளக்கத் தொடங்கினர். 1960-களில் ஸ்பீல்பெர்கர், சூழலால் எழுந்து அடங்கும் பதற்றத்தையும் ஒருவரின் இயல்பாகவே படிந்த பதற்றத்தையும் பிரித்துக் காட்டினார். 1990-களில் கனடாவின் கியூபெக் மாநில ஆய்வாளர்கள், கெட்ட செய்தியைவிட நிச்சயமின்மையே சிலரை அதிகம் வதைக்கிறது என்ற கருத்தை அளவுகோலாக்கினர். மறுபுறம் 1897-ல் துர்கைம் தொடங்கிவைத்த சமூகவியல் மரபு, தனிமனித வேதனையின் வேரை ஒழுங்கு குலைந்த சமூகத்தில் தேடியது. 2020-ல் எழுந்த விவாதம் பெரும்பாலும் இந்தப் பழைய தடங்களிலேயே நடந்தது.

முதல் விளக்கம்: நோய் அச்சம்

மிக இயல்பாகத் தோன்றும் விளக்கம் இது. சீனாவின் ஒரு மருத்துவக் கல்லூரியில் 7,143 மாணவர்களிடம் 2020 தொடக்கத்தில் எடுத்த கணிப்பு, உறவினருக்கோ அறிந்தவருக்கோ தொற்று வந்திருந்தால் பதற்றம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அதே கணிப்பில் 0.9 சதவீதத்தினருக்குக் கடுமையான பதற்றமும் 2.7 சதவீதத்தினருக்கு நடுத்தரப் பதற்றமும் 21.3 சதவீதத்தினருக்கு லேசான பதற்றமும் இருந்தன. அதாவது முக்கால் பங்கு மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க அறிகுறி ஏதும் இல்லை.

சென்னையில் கோவிட் சிகிச்சை அளித்த ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வு இன்னும் பயனுள்ளது. அங்கே 217 மாணவர்களின் மனநிலை 2019 டிசம்பரில், தொற்று வருமுன்பே அளக்கப்பட்டிருந்தது. 2020 ஜூனில் மறுபடி அளந்தபோது பதற்றம் 21.2 சதவீதத்திலிருந்து 33.2 சதவீதமாக உயர்ந்திருந்தது. மனச்சோர்வில் பெரிய மாற்றம் இல்லை. கோவிட் குறித்த கவலைகளும் தூக்கக் குறைவும் இந்த உயர்வோடு சேர்ந்து வந்தன. தமிழ்ச் சூழலில் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும் அரிய சான்று இது.

இவ்விளக்கத்தின் குறை, அது பெரும்பாலும் மருத்துவ மாணவர்களைச் சார்ந்து நிற்பதுதான். அவர்கள் நோயாளியை நேரில் சந்திக்கப்போகிறவர்கள். கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழோ பி.காம் படிப்போ படிக்கும் ஒருவரின் அச்சம் பெரும்பாலும் தன் உடலைப் பற்றியதாக இருந்திருக்காது. வீட்டிலுள்ள தாத்தா, பாட்டி, நீரிழிவு உள்ள அப்பா ஆகியோரைப் பற்றியதாக இருந்திருக்கக் கூடும். கிராமங்களைக் கடுமையாகத் தாக்கியது 2021-ன் இரண்டாம் அலை. நமக்குக் கிடைக்கும் மாணவர் ஆய்வுகளில் பெரும்பாலானவையோ 2020-ன் முதல் அலைக்கு உரியவை.

இரண்டாம் விளக்கம்: தனிமை

ஸ்விட்சர்லாந்தின் 212 இளநிலை மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு, அவர்களின் நட்பு வலைப்பின்னலை 2018 முதலே பதிந்துவந்தது. ஊரடங்கில் சேர்ந்து படிப்பதும் பேசுவதும் சுருங்கின. பதற்றமும் தனிமையுணர்வும் கூடின. அமெரிக்காவின் வட கரோலினாவில் 419 முதலாண்டு மாணவர்களிடம் நடுத்தர முதல் கடுமையான பதற்றம் 18.1 சதவீதத்திலிருந்து 25.3 சதவீதமாயிற்று. அங்கும் தொலைவழிக் கல்வியின் சிரமத்தோடு சமூகத் தனிமையும் காரணமாகச் சுட்டப்பட்டது.

ஆனால் செல்லிப்பட்டு மாணவர் விடுதி அறையில் தனியாக அடைபட்டவர் அல்லர். வீடு நிறைய ஆட்கள், தெருவில் சொந்தபந்தம். சீன ஆய்வில் பெற்றோருடன் வாழ்வது பதற்றத்தைக் குறைக்கும் காரணிகளுள் ஒன்றாகத் தெரிந்தது. அப்படியானால் கிராமத்து வீடு காப்பாக இருந்ததா?

இங்கே சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-ல் வகுத்த வேறுபாடு உதவும். நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை வேறு. தன்னைப் போன்றோரின் கூட்டம் இல்லாத தனிமை வேறு. குடும்பம் முதலாவதை ஆற்றும், இரண்டாவதை ஆற்றாது. கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பஸ் பயணமும் கேன்டீனும் நூலகமும் வீட்டுக்கு வெளியே கிடைத்த ஒரே பொது வாழ்க்கையாக இருந்திருக்கலாம். அரியரைப் பற்றியும் காதலைப் பற்றியும் வேலை கிடைக்குமா என்பதைப் பற்றியும் பேச அங்கேதான் ஆள் இருந்தது. எனவே வீடு ஒருவகையில் காப்பாகவும் இன்னொரு வகையில் அடைப்பாகவும் இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. இரண்டில் எது விஞ்சியது என்பதைச் சொல்லும் சான்று கைவசம் இல்லை.

மூன்றாம் விளக்கம்: தேர்வும் தீர்மானமின்மையும்

மாணவர் பதற்றத்தை மற்றவர் பதற்றத்திலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த விளக்கம்தான். நடந்தவற்றை வரிசைப்படுத்தினாலே அதன் வலு தெரியும். 2020 ஏப்ரல் 29 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, இடைநிலைப் பருவ மாணவர்களுக்குச் சூழல் சீராகாவிட்டால் பாதி மதிப்பெண்ணை இன்டர்னலிலிருந்தும் மீதியை முந்தைய பருவத்திலிருந்தும் தரலாம் என்றது. இறுதிப் பருவத் தேர்வை ஜூலையில் நடத்தச் சொன்னது. ஜூலை 6 அன்று அதைத் திருத்தி, இறுதிப் பருவத் தேர்வுகளைச் செப்டம்பர் இறுதிக்குள் கட்டாயம் முடிக்க வேண்டும் என்றது. மாணவர்கள் நீதிமன்றம் சென்றனர். சில மாநிலங்களும் அதை எதிர்த்தன. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தேர்வின்றிப் பட்டம் தர இயலாது என்றும், தேவைப்பட்டால் மாநிலங்கள் கூடுதல் அவகாசம் கேட்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு பக்கத்துத் தமிழ்நாட்டில் இறுதிப் பருவம் தவிர்த்த அரியர் தாள்களுக்குக் கட்டணம் கட்டியவர்கள் அனைவரும் தேர்ச்சி என்ற அறிவிப்பு வந்து, 'ஆல் பாஸ்' என்று கொண்டாடப்பட்டது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அதை எதிர்க்க, விவகாரம் உயர் நீதிமன்றத்திற்குப் போயிற்று.

புதுச்சேரி மாணவர் இந்த இரண்டு செய்தி ஓடைகளுக்கும் நடுவே இருந்தார். அவர் பார்க்கும் தொலைக்காட்சியும் படிக்கும் நாளிதழும் தமிழ்நாட்டுக்கும் சேர்த்துச் செய்தி சொல்பவை. அவரது தேர்வைத் தீர்மானிப்பதோ காலாப்பட்டிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து உறவுக்காரப் பையன் தேர்ச்சி பெற்றுவிட்டதாகச் செய்தி வரும்போது, தன் அரியர் என்ன ஆகும் என்று இவருக்குத் தெரியாது. புதுச்சேரியின் கிராமங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் பின்னிக்கிடப்பதால், எல்லை அடைப்பும் இ-பாஸும் பயணத்தையும் அதே போல நிச்சயமற்றதாக்கின.

நிச்சயமின்மைக் கோட்பாடு இங்கே நன்றாகப் பொருந்துகிறது. தேர்வு உண்டு என்றால் படிக்கலாம். இல்லை என்றால் வேலை தேடலாம். இரண்டும் தெரியாத மாதங்களில் இரண்டையும் முழு மனதோடு செய்ய இயலாது. மேலே சொன்ன சீன ஆய்விலும் படிப்புத் தாமதம் குறித்த கவலை பதற்றத்தோடு இணைந்தே காணப்பட்டது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். அறிவிப்பு மாறிய நாட்களில் பதற்றம் எப்படி ஏறி இறங்கியது என்று நம் பகுதியில் யாரும் தொடர்ந்து அளந்ததாகத் தெரியவில்லை. தேதிகளின் வரிசையும் மாணவர்களின் வேதனையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதால் மட்டும் ஒன்று மற்றதன் காரணம் என்று நிறுவிவிட முடியாது. மேலும், தேர்வு ரத்தானது சிலருக்கு ஆறுதலாகவும் இருந்தது.

நான்காம் விளக்கம்: வருமானம், போன், வீட்டு வேலை

சமூகவியல் மரபில் வரும் விளக்கம், பதற்றத்தை மாணவரின் மனத்துக்குள் தேடாமல் அவரது வீட்டுக் கணக்கில் தேடுகிறது. சீன ஆய்வில் குடும்ப வருமானம் நிலையாக இருப்பதும் நகரத்தில் வாழ்வதும் காப்புக் காரணிகளாகத் தெரிந்தன. அப்படியானால் கிராமத்தில் வாழ்ந்து, நிலையற்ற வருமானத்தை நம்பியிருந்த மாணவருக்கு இரண்டு காப்பும் இல்லை.

ஆன்லைன் வகுப்பு இந்த வேறுபாட்டை வெளிச்சமாக்கியது. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் 4.4 சதவீதத்தில் கணினியும் 14.9 சதவீதத்தில் இணைய வசதியும் இருந்தன. நகர்ப்புறத்தில் இவை 23.4, 42 சதவீதம். புதுச்சேரி நாட்டின் சராசரியைவிட வசதியான பகுதி. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்களில் 68 சதவீதத்தினர் நகர்ப்புறத்தவர். எனவே இந்த எண்களை அப்படியே செல்லிப்பட்டின் மேல் ஏற்றுவது தவறு. ஆயினும் நகர்ப்புறம் மிகுந்த ஒரு சிறு பகுதியின் சராசரி, அதற்குள்ளே இருக்கும் கிராமத்தை மறைத்துவிடும் என்பதும் உண்மை. வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப்போவது, நாளுக்கான டேட்டா வகுப்பு முடியுமுன் தீர்ந்துபோவது, சிக்னலுக்காக மொட்டை மாடி ஏறுவது ஆகியவை நாடெங்கும் அந்நாட்களில் பதிவான சிரமங்கள். அட்டெண்டன்ஸ் போகுமோ, இன்டர்னல் மார்க் குறையுமோ என்ற கவலை அவற்றோடு ஒட்டியே வந்தது.

பெண் பிள்ளைகளுக்குச் சுமை இரட்டை. 2019-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம். கல்லூரி நேரம் என்ற வேலி விலகியபோது அந்த வேலையில் ஒரு பங்கு மகளின் கைக்கு வந்திருக்கும் என்று ஊகிப்பது மிகையாகாது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுள்ள கிராமப்புறப் பெண்களில் 24.6 சதவீதத்தினரும் ஆண்களில் 48.7 சதவீதத்தினரும் மட்டுமே இணையத்தைப் பயன்படுத்தியிருந்தனர். படிப்பு நின்றால் கல்யாணப் பேச்சு தொடங்கும் வீடுகளில், தள்ளிப்போகும் பட்டம் வேறொரு அச்சத்தையும் எழுப்பியிருக்கும்.

இவ்விளக்கத்தின் குறை, அது ஒரே சூழலில் வாழ்ந்த இருவரின் வேறுபாட்டை விளக்காது என்பது. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில், ஒருவர் தளர்ந்தார். மற்றவர் வயல் வேலையோ டெலிவரி வேலையோ பார்த்துக்கொண்டு படித்தார். வறுமை பதற்றத்தை வளர்க்கிறது என்பது வேறு. அது ஒவ்வொருவரிடமும் பதற்றமாகவே வெளிப்படும் என்பது வேறு.

ஐந்தாம் நிலைப்பாடு: ஊரடங்கின் பங்கு குறைவா?

சில ஆய்வாளர்கள் கேள்வியையே திருப்பிப் போடுகின்றனர். 2005-ல் அமெரிக்க ஆய்வாளர் கெஸ்லர் குழு காட்டியபடி, வாழ்நாள் மனநோய்களில் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. ஆகவே கல்லூரி வயதில் பதற்றம் தென்படுவது ஊரடங்கு இல்லாமலும் எதிர்பார்க்கத்தக்கது. சென்னை ஆய்விலும் முன்பே பதற்றமும் சோர்வும் இருந்தவர்களே பின்பும் அதிகம் பாதிக்கப்பட்டனர்.

2021-ல் 'லான்செட்' இதழில் வந்த உலகளாவிய மதிப்பீடு, 2020-ல் பதற்ற நோய்கள் 25.6 சதவீதம், அதாவது கூடுதலாக 7.62 கோடிப் பேர் அளவுக்குப் பெருகின என்றும், பெண்களும் இளையோரும் அதிகம் பாதிக்கப்பட்டனர் என்றும் கணித்தது. ஆனால் முன்பின் அளவீடுகள் உள்ள 65 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை, 2020 மார்ச், ஏப்ரலில் அறிகுறிகள் உயர்ந்து ஆண்டின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பின என்றது. 2023-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த, 137 ஆய்வுகளை அலசிய தொகுப்பு, பொது மக்களிடம் பதற்றத்தில் பெரிய மாற்றமே காணவில்லை; பெண்களிடம் சிறு அளவில் நிலை மோசமானது.

இந்த ஆறுதலை உடனே ஏற்றுக்கொள்வதற்கு ஒரு தடை இருக்கிறது. அந்த 137-ல் முக்கால் பங்குக்கு மேல் உயர் வருமான நாடுகளுக்கு உரியவை. எஞ்சியவற்றில் பெரும்பகுதி மேல்-நடுத்தர வருமான நாடுகளுக்கு உரியவை. இந்தியா சேர்ந்த கீழ்-நடுத்தர வருமானப் பிரிவுக்கு அதில் இடம் மிகச் சிறிது. சம்பளமும் இணையமும் நிற்காத நாடுகளின் தாங்குதிறனைக் கொண்டு, அவை நின்றுபோன ஊர்களை மதிப்பிட முடியாது.

அளவுகோலின் குறைகள்

இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2020-ல் இணையவழி நடத்திய கணிப்பில் 1,871 பேர் பங்கேற்றனர். ஐந்தில் இருவரிடம் பதற்றமோ மனச்சோர்வோ தென்பட்டது. மாணவர்களிடம் எடுத்த கணிப்புகளும் பெரும்பாலும் இப்படியே, வாட்ஸ்அப் வழியாகச் சுற்றிய கூகுள் படிவங்களால் நடந்தன. டேட்டா இருந்தவர், ஆங்கிலக் கேள்வியைப் படிக்க முடிந்தவர், மனமும் நேரமும் இருந்தவர் பதில் சொன்னார்கள். மிகவும் சிரமப்பட்டவர்கள் படிவத்திற்கு வெளியே நின்றார்கள். அதே நேரம், ஏற்கனவே மனம் கலங்கியவர்களே இப்படிப்பட்ட படிவத்தை ஆர்வமாக நிரப்பியிருக்கவும் கூடும். எனவே எண்கள் உண்மையைவிடக் கூடுதலா குறைவா என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது.

பரவலாகப் பயன்பட்ட ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்வி அளவுகோல் 2006-ல் வெளியானது. அது நோயைக் கண்டறிய உதவும் வடிகட்டி. தானே நோய் முடிவு அன்று. ஊரடங்கில் வேலையிழந்த வீட்டில் ஒருவர் கவலைப்படுவது சூழலுக்கேற்ற மனித இயல்பு. அதை நோயாக எண்ணுவது ஒரு பிழை. இயல்பு என்று சொல்லி உதவியை மறுப்பது அதைவிடப் பெரிய பிழை.

தற்கொலைப் புள்ளிவிவரத்தை எடுத்தாள்வதில் இன்னும் கவனம் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் மாணவர் தற்கொலைகள் 2019-ல் 10,335, 2020-ல் 12,526. இதில் பள்ளி மாணவரும் அடக்கம். அதே ஓராண்டில், நாட்டிலேயே உயர்ந்த விகிதம் கொண்ட பகுதிகளுள் ஒன்றான புதுச்சேரியின் மொத்தத் தற்கொலை விகிதம் லட்சத்திற்கு 32.5-லிருந்து 26.3-ஆகக் குறைந்தது. சிறு பகுதிகளில் இவ்விகிதம் ஆண்டுக்காண்டு ஊசலாடும். ஊரடங்கு கொன்றது என்றோ காத்தது என்றோ இவ்வெண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்வது பொறுப்பாகாது.

உதவி எந்த அளவு எட்டியது

அரசின் பதில் பெரும்பாலும் தொலைபேசி எண்களாக வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரலில் கல்லூரிகள் மனநல உதவி எண்களை அமைக்கச் சொன்னது. ஜூலையில் 'மனோதர்பண்' திட்டமும் செப்டம்பரில் 'கிரண்' உதவி எண்ணும் வந்தன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பெறலாம். இவை பயனுள்ளவை. ஆனால் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பதற்றம் உள்ளிட்ட பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. எண் கிடைத்தும் தனியாகப் பேச அறையோ தனக்கென்று போனோ இல்லாதவருக்கு அது எட்டாது. கதிர்காமத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி கோவிட் மருத்துவமனையாக மாறியிருந்தது. ஜிப்மர் மருத்துவமனையின் வெளிநோயாளர் சேவை சுருங்கித் தொலைபேசி ஆலோசனைக்கு நகர்ந்தது. கிராமத்து மாணவருக்கு நேரடி உதவி மிகவும் தேவைப்பட்ட வேளையில், அதை அடையும் வழி குறுகியிருந்தது.

மதிப்பீடு

ஐந்து நிலைப்பாடுகளில் எதுவும் தனித்து நிற்கப் போதுமானதாக இல்லை. நோய் அச்சம் மருத்துவ மாணவர்களுக்கும், தனிமை விடுதி மாணவர்களுக்கும் நன்கு பொருந்துகின்றன. தினமும் பஸ்ஸில் போய்வரும் கிராமத்து மாணவரைப் பொறுத்தவரை, வருமான இழப்பும் நிச்சயமின்மையும் சேர்ந்த விளக்கமே மிகுந்த வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த வலு பெரும்பாலும் பிற இடங்களின் சான்றிலிருந்தும் நிகழ்வுகளின் வரிசையிலிருந்தும் பெறப்பட்டது. முன்பே இருந்த மனநிலை, யார் முதலில் தளர்ந்தார் என்பதை விளக்குகிறது. ஏன் இத்தனை பேர் ஒரே காலத்தில் தளர்ந்தார்கள் என்பதை விளக்கவில்லை.

இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. காரணம் மனத்தில் மட்டும் இருந்தால் தீர்வு ஆலோசகரிடம் இருக்கும். காரணத்தில் ஒரு பங்கு தள்ளிப்போடப்பட்ட முடிவுகளிலும் எட்டாத இணையத்திலும் இருந்தால், தீர்வில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்திடமும் அரசிடமும் இருக்கும். தேர்வு முடிவை ஒரு நாளில் சொல்லி அதில் நிற்பது, அட்டெண்டன்ஸ் விதியைத் தளர்த்துவது, உதவித்தொகையைத் தாமதிக்காமல் தருவது ஆகியவை மருந்தில்லாத மனநலப் பணிகள் என்று கருதத் தக்கவை. அவை எந்த அளவு பதற்றத்தைக் குறைக்கும் என்பது இன்னும் அளக்கப்பட வேண்டியது.

நிலுவையில் நிற்கும் கேள்விகள் மூன்று. கிராமத்து வீடு காப்பாக இருந்ததா, அடைப்பாக இருந்ததா? 2020-லும் 2021-லும் பட்டம் முடித்தவர்களின் பதற்றம் அடங்கிவிட்டதா, வேலைவாழ்விலும் தொடர்கிறதா? தொடர்ந்து படிக்காமல் நின்றுவிட்டவர்கள், எந்தக் கணிப்பிலும் இடம்பெறாதவர்கள், எப்படி இருக்கிறார்கள்? இவற்றுக்கு விடை காண அடுத்த பெருந்தொற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. புதுச்சேரியின் கல்லூரிகள் சேர்க்கை நாளிலேயே, தமிழில், தாளில், ஆண்டுதோறும் மாணவர் மனநிலையைக் கேட்டுப் பதியத் தொடங்கினால், முன்னும் பின்னும் ஒப்பிட ஓர் அடித்தளம் கிடைக்கும். அது இல்லாதவரை, செல்லிப்பட்டு மாணவரின் பதற்றத்தைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் நியாயமான ஊகம் என்ற அளவிலேயே நிற்கும்.